இடது பக்கம் ஒடியும்

இது நடந்தது.

'நடந்ததாம்' என்று யாரும் மாற்ற வேண்டா. பிறர் சொல்லக் கேட்டதற்குத்தான் அந்த 'ஆம்' சேரும். நான் கண்டதற்கு, என் எலும்பு முறிந்ததற்கு, அது சேராது. முப்பத்து நான்கு ஆண்டுகள் போர்ட் பிளேரில் தமிழாசிரியனாக இருந்தவன் நான். கற்பனை எது, அனுபவம் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியும். கற்பனை செய்கிறவர்கள் நாளையும் நேரத்தையும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன்: சென்ற டிசம்பர் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.52.

மாலைதானே என்று சென்னையிலிருந்து படிப்பவர் இகழ வேண்டா. கடிகாரம் ஒன்றே, சூரியன் வேறு. டிசம்பரில் அந்தமானில் ஐந்து மணிக்கெல்லாம் அது விழுந்துவிடும். ஐந்தே முக்காலுக்கு நீட்டிய கை தெரியாத இருட்டு.

நவம்பர் இறுதியில் நான் ஒரு பழைய அம்பாசிடர் காரை வாங்கினேன். நாற்பது வயதான கார். ஜங்லிகாட்டில் பட்டறை வைத்திருக்கும் சொக்கலிங்கம் விற்றான். 'விற்றார்' என்று எழுத வேண்டும், எழுதுவதாக இல்லை. ஏன் என்பது பின்னால் தெரியும்.

"காடி பக்கா ஹை மாஸ்டர்ஜி. எஞ்சின் சிங்கம். டென்ஷன் மத் லோ, கவலப்படாம எடுத்துட்டுப் போங்க."

"காடி என்றால் தமிழில் புளித்த கஞ்சி. எனக்கு வேண்டியது கார்."

"அதான் மாஸ்டர்ஜி, காடி!"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

இக்காலத்தவர் ஒற்றை விரலால் காரைத் திருப்புகிறார்கள். மற்றொரு கையில் கைபேசி. ஸ்டீயரிங்குக்குள் ஏதோ ஒன்று அமர்ந்து அவர்களுக்காக உழைக்கிறது; அதற்குப் பவர் ஸ்டீயரிங் என்று பெயர். என் காரில் அது கிடையாது. அதைத் தோளால் ஓட்ட வேண்டும். நிற்கும் காரில் ஸ்டீயரிங்கைத் திருப்ப முயன்றால் முதுகுதான் பிடித்துக்கொள்ளும். சக்கரம் சிறிதேனும் உருண்டால்தான் ஸ்டீயரிங் வட்டம் அசையும். பிரேக்கை மிதிப்பது என்பது ஏறக்குறைய அதன்மேல் எழுந்து நிற்பது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி உண்டு. கட்டைவிரலை வட்டத்துக்குள் கோக்கக் கூடாது. சக்கரம் குழியில் இறங்கினால் அந்த அடி நேரே ஸ்டீயரிங்குக்கு ஏறும். வட்டம் வெடுக்கென்று சுழலும். உள்ளே இருக்கும் கம்பி விரலை முறித்துவிடும். நான்கு விரல்களும் கட்டைவிரலும் வெளியே ஒரே பக்கமாக இருக்க வேண்டும். நான் ஒருநாளும் இந்த விதியை மீறியதில்லை.

வாங்கிய மூன்றாம் நாள், எதிர்வெயிலுக்காக ஓட்டுநர் பக்கத்து வெயில் தடுப்பு அட்டையைக் கீழே இழுத்தேன். அதில் கறுப்பு கிரீஸால், விரல் நுனியால் எழுதியதுபோல், ஒரு வரி இருந்தது.

'இடது பக்கம் ஒடியும்.'

எனக்குச் சினம் வந்தது. இந்தத் தீவுகளில் நான் வாழ்நாள் முழுவதும் போராடிய பிழை இதுதான். இந்தியில் குறில் 'ஒ' இல்லை. இங்குள்ள பிள்ளைகள் தெருவில் இந்தி பேசி வளர்கிறார்கள். தமிழ் எழுதும்போது 'ஒ'வுக்கும் 'ஓ'வுக்கும் வேற்றுமை தெரியாமல் தடுமாறுகிறார்கள். எவனோ ஒரு டிரைவர், கார் இடப்பக்கமாக இழுக்கிறது, அதாவது 'இடது பக்கம் ஓடும்' என்று எழுத நினைத்திருக்கிறான். குறிலுக்கும் நெடிலுக்கும் குழப்பம், வினைமுற்றும் தவறு. ஒரு சொல்லில் இரண்டு பிழைகள்.

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'ஒடியும்' என்பதை அடித்தேன். மேலே 'ஓடும்' என்று எழுதினேன்.

பழைய நினைவு ஒன்றும் வந்தது. 1989இல் ஆறாம் வகுப்பில் ஒருவன் 'நாய் ஒடியது' என்று எழுதிவிட்டான். பெயர் மறந்துவிட்டது. "நாய் எப்படியடா ஒடியும்? ஒடிவது என்றால் என்ன என்று காட்டட்டுமா?" என்று கேட்டு, மர அளவுகோலின் விளிம்பால் அவனுடைய வலக் கட்டைவிரலில் அடித்தேன். ஒரே அடி. நகம் பிளந்தது. பிறகு 'ஓடியது' என்று பத்து முறை எழுதச் சொன்னேன். தாளில் இரத்தம் படிய ஒன்பது முறை எழுதினான். பத்தாவதற்கு விரல் வளையவில்லை. அதற்குள் மணியும் அடித்துவிட்டது. அக்காலத்தில் அது குற்றமன்று. பிழை திருந்துவதே நோக்கம்.

டிசம்பர் பதினைந்து. வண்டூரில் என் மனைவியின் தம்பி ஹரிஹரன் வீட்டில் விருந்து. பகல் 12.40க்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் கார் சற்றே இடப்பக்கம் இழுத்தது. 'ஓடும்' என்ற என் திருத்தம் சரியே என்று மகிழ்ந்தேன். வலப்பக்கமாக அழுத்திப் பிடித்து ஓட்டினேன். வீட்டு வாசலில் சக்கரங்களை நேராக வைத்து நிறுத்தினேன். கதவுகளைப் பூட்டினேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

மாலை 5.20. புறப்பட வந்தோம்.

முன்சக்கரங்கள் இரண்டும் வலப்பக்கமாக முழுவதும் திரும்பியிருந்தன.

நிற்கும் அம்பாசிடரில் சக்கரத்தை அவ்வளவு திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டும். கார் பூட்டியபடியே இருந்தது.

"யார் வண்டியைத் தொட்டது?"

"அரே அத்தான், அந்த இரும்ப யாரு தொடுவா?" என்றான் ஹரிஹரன். "இருட்டிருச்சு. என் காடியில நான் கொண்டுபோய் விடறேன். ஜல்தி போயிடலாம்."

"உன்னுடையது பொம்மை. அதை ஓட்டுவதற்குக் கை எதற்கு?"

என் மனைவி தங்கம் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஏறவில்லை. "அவன்கூடவே போயிடலாங்க. எனக்கு என்னமோ இந்த வண்டி பிடிக்கல. உள்ள யாரோ இருந்துட்டு எந்திரிச்சுப் போன மாதிரி சீட்டு சுடுது."

"வெயிலில் நின்ற சூடு. ஏறு."

ஓர் ஏவல் வினைமுற்று. ஒரே சொல். அவள் ஏறி இடப்பக்க இருக்கையில் அமர்ந்தாள். அங்கே அவளை உட்கார வைத்தவன் நான்தான். இதைப் படிப்பவர் மறக்க வேண்டா, நான் மறக்கவில்லை.

5.31. சாலையில் வேறு வண்டி இல்லை. என் முன்விளக்குகள் மஞ்சளாக, பத்தடிக்கு மேல் போகாமல் தேங்கின. இருபுறமும் காடு. தவளைகள் கத்தின.

5.38. தவளைகள் நின்றன.

அப்போதுதான் அதை உணர்ந்தேன். ஒரு வளைவில் வழக்கம்போல் தோளைக் கொடுத்தேன். கொடுத்த பலம் எதிர்ப்பே இல்லாமல் போனது. ஸ்டீயரிங் இலேசாகத் திரும்பியது. வெண்ணெய்போல்.

"அட, ஒத்தக் கையாலயே திருப்புறீங்களே," என்றாள் தங்கம். "பவர் ஸ்டீயரிங் ஏதும் மாட்டிட்டீங்களா?"

என் கைகளுக்குக் கீழே வட்டம் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வளைவுக்கு நான் திருப்புவதற்கு முன்பே அது திரும்பியது. அளவு பிசகாமல். இந்தச் சாலையில் ஆயிரம் முறை ஓட்டிய கைபோல.

யாரோ எனக்கு உதவி செய்தார்கள்.

5.44. கிரீஸ் நாற்றம். அதனோடு உப்புச் சேற்று நாற்றம்.

5.46. பின்னிருக்கையின் ஸ்பிரிங் முனகியது. கீ...ரீ...ச். ஓர் ஆள் உட்கார்ந்தால் எழும் ஒலி.

"பின்னாடி என்னங்க?"

"திரும்பாதே."

"ஏன்?"

"திரும்பாதே என்றேன்."

கண்ணாடியில் பார்த்தேன். இருட்டு. வேறொன்றும் இல்லை. ஆனால் பின்கண்ணாடி தெரியவில்லை. எதுவோ அதை மறைத்திருந்தது.

5.50. இறக்கம் தொடங்கியது. இந்த இறக்கத்தை எல்லாரும் அறிவார்கள். வலப்பக்கம் மண்மேடு. இடப்பக்கம் தடுப்புச் சுவர் இல்லை, நேரே உப்பங்கழி. அதில் முதலை உண்டு என்று பலகை வைத்திருக்கிறார்கள். அடியில் சாலை இடப்பக்கமாக ஒடுங்கி வளையும்.

பிரேக்கை மிதித்தேன். எழுந்து நின்று மிதித்தேன்.

கார் வேகம் குறைந்தது. இன்னும் குறைய வேண்டும்.

5.51. ஸ்டீயரிங் மறுபடியும் கனத்தது. கல். வளைவுக்காக இடப்பக்கம் திருப்பினேன். அது வரவில்லை.

என் புறங்கைகள் மேல் ஈரம் பட்டது.

குளிர்ந்த, வழுக்கும், கனத்த ஈரம். உள்ளங்கைகள். பின்னாலிருந்து வந்து என் கைகளைப் பொத்தின. ஒவ்வொரு விரலாக இறுக்கின. வெளியே இருந்த என் வலக் கட்டைவிரலை நெம்பின. வட்டத்துக்குள்ளே திணித்தன.

காதோரம் மூச்சு.

"ஒடியும்... சார்."

நான் ஓர் ஆசிரியன். அந்த நொடியிலும், அந்தப் பயத்திலும், என் வாய் தானாகவே கத்தியது.

"ஓடும்! ஓடும் என்று சொல்!"

ஒரு நொடி.

பிறகு... ஸ்டீயரிங் வலப்பக்கமாகப் பாய்ந்தது.

சடக்!

என் கட்டைவிரல் முறிந்த ஒலியை நான் கேட்டேன். வலி வருமுன் ஒலி வந்தது.

நான் விடவில்லை. வலப்பக்கம் மண்மேடு. மோதினால் சாவோம் என்று இடப்பக்கம் இழுத்தேன். அது வலப்பக்கம் இழுத்தது. வட்டம் என் நெஞ்சில் இடித்தது. மோவாயில் ஒரு முழங்கை. பல் உடைந்தது. இரத்தத்தை விழுங்கினேன். நான் தலையைப் பின்னால் வீசி இடித்தேன். என் பின்மண்டை எதன்மேலோ பட்டது. எலும்பின்மேல்.

"கையை விடுங்க!" தங்கம் அலறினாள். "ஐயோ, கையை விடுங்க!"

யாரிடம் சொன்னாள்?

ஒரு கால் வந்து என் காலின்மேல் ஏறியது.

பிரேக்கோடு சேர்த்து மிதித்தது.

என் பாத எலும்புகள் நெரிந்தன.

டயர்கள் அலறின.

மண்மேடு.

இடி.

கண்ணாடி உடைந்து மடியில் கொட்டியது.

அமைதி.

5.52.

தங்கத்தின் நெற்றி பிளந்து வழிந்தது. உயிரோடு இருந்தாள். மூச்சு கேட்டது. அவள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது, நின்றுவிட்ட காரின் அடியிலிருந்து, இடப்பக்கம்...

டக்.

முன்பகுதி இடப்பக்கமாகச் சாய்ந்தது.

கைபேசி விளக்கை இடக் கையால் அடித்து, தவழ்ந்து போய்ப் பார்த்தேன். இடது முன்சக்கரம், சுளுக்கிய பாதம்போல், வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு பிணைக்கும் இரும்புத் தண்டு இரண்டாக ஒடிந்து தொங்கியது. பதினைந்து அடி தள்ளிப் போயிருந்தால் வளைவு. வளைவில் ஒடிந்திருந்தால் உப்பங்கழி. தங்கம் இருந்த பக்கம்.

பின்னிருக்கையில் வெளிச்சம் அடித்தேன். யாரும் இல்லை. இரண்டு பின்கதவுகளும் உள்ளே பூட்டியிருந்தன. இருக்கை நனைந்து, சேறாக இருந்தது.

"அந்த ஆளு எங்க?" என்றாள் தங்கம்.

"எந்த ஆள்?"

"உங்க தோளுக்கு மேல ரெண்டு கை வந்துச்சே... வலது கட்டைவிரல்ல நகமே இல்லீங்க."

அவள் நெற்றியில் பதினொரு தையல். எனக்குக் கட்டைவிரலில் இரண்டு முறிவு, பாதத்தில் மூன்று. காரைச் சொக்கலிங்கத்தின் ஆள்கள் கட்டி இழுத்துப் போனார்கள்.

புதன்கிழமை காலை 10.15. ஊன்றுகோலோடு ஜங்லிகாட் பட்டறைக்குப் போனேன். ஒடிந்த தண்டு மேசைமேல் கிடந்தது. முறிவில் பாதி புதியது. மீதி பழைய வெல்டிங். ஒட்டுப் போட்ட தண்டு.

ஊன்றுகோலால் மேசையை ஓங்கி அடித்தேன். திருகாணிகள் சிதறின. "இதை ஒட்டியது யார்?"

"மாஃப் கரோ மாஸ்டர்ஜி," சொக்கலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டான். "புது ராடு மெயின்லேண்டுலேர்ந்து கப்பல்ல வரணும். ரெண்டு மாசம் ஆகும். வெல்டிங் பக்காவா புடிச்சிருந்துச்சு..."

"இதற்கு முன் எப்போது ஒடிந்தது?"

எதிரே டீக்கடை நடத்தும் பெண், புஷ்பா, சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். அவள்தான் சொன்னாள்.

"போன வருசம் ஜூன்ல சார். அதே எறக்கத்துல. என் வீட்டுக்காரர்தான் டிரைவர். கான்ட்ராக்டர் ஈஸ்வரன்கிட்ட வண்டி ஓட்டுனாரு. 'இடது பக்கம் ஒடியும் சேட்டு, ராடுல வெடிப்பு இருக்கு'ன்னு நாலு நாளாச் சொன்னாரு. 'பேசாம ஓட்டுடா'ன்னு அனுப்பிட்டான். வண்டி உள்ள விழுந்து மூணாம் நாள் உப்பங்கழியிலேர்ந்து எடுத்தாங்க. ஸ்டீயரிங்ல கை மாட்டி, வெரல் முறிஞ்சு..."

நிறுத்தினாள். என் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்கு அவரைத் தெரியும் சார். உங்ககிட்டதான் படிச்சாரு. முத்துராஜ். நீங்க அடிச்ச நகம் அப்புறம் மொளைக்கவே இல்ல."

பட்டறையில் எங்கோ நீர் சொட்டியது.

"அவனுக்கு... அவனுக்கு 'ஒ'வும் 'ஓ'வும் குழம்பும். அட்டையில் அவன் எழுதியதை நான் பிழை என்று..."

"அவரா?" புஷ்பா தலையசைத்தாள். "எத்தனையோ எழுத்து தப்பா எழுதுவாரு. அந்த ஒண்ணு மட்டும் தப்பவே தப்பாது சார். எழுதுறதுக்கு முன்னாடி கட்டைவெரலப் பாத்துக்குவாரு."

சொக்கலிங்கம் நிமிர்ந்தான்.

"எந்த அட்டை மாஸ்டர்ஜி?"

"டிரைவர் பக்கத்து வெயில் அட்டை."

"அது புதுசு. நவம்பர்ல நான்தான் தெச்சு மாட்டினேன். அவன் செத்து அப்பவே ஒன்றரை வருசம் மாஸ்டர்ஜி."

கார் பட்டறையின் பின்புறம் கம்பி வேலிக்குள் நின்றது. ஞாயிறு இரவிலிருந்து பூட்டிய வேலி. சாவி அவன் கழுத்தில். மூவரும் போனோம். நான் இடக் கையால் வெயில் அட்டையைக் கீழே இழுத்தேன்.

கிரீஸ் எழுத்து இல்லை. நான் எழுதிய 'ஓடும்' இல்லை. அந்த இடம் நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது.

அதன் கீழே, சிவப்பு மசியால், வரிவரியாக,

ஒடியும்
ஒடியும்
ஒடியும்

எண்ணினேன். ஒன்பது.

புஷ்பா எட்டிப் பார்த்தாள். "இது அவரு கையெழுத்து இல்ல சார்," என்றாள்.

இல்லை. அந்த 'டி'யின் கொக்கியை அப்படி வளைப்பவர் இந்தத் தீவில் ஒருவர்தான் உண்டு. 'யு'வின் வாலை அப்படிக் கீழே இழுப்பவரும் ஒருவரே. முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய கை அது.

அது என் கையெழுத்து.

ஞாயிறு இரவிலிருந்து என் வலக் கை மாவுக்கட்டுக்குள் இருக்கிறது.

ஐந்து வாரங்கள் ஆயின. எலும்பு கூடவில்லை. கட்டுக்கு வெளியே தெரியும் நகம் நாள்தோறும் அடியிலிருந்து கறுத்து வருகிறது. மருத்துவருக்குக் காரணம் தெரியவில்லை. மாலை 5.52க்கு அது துடிக்கும். ஒரு நாளும் தவறியதில்லை. துடிப்பு நின்ற பிறகு அறையில் யாரோ காத்திருப்பதுபோல் இருக்கும். கிரீஸ் நாற்றம் இருக்கும்.

இன்று நகத்தின் நடுவே ஒரு பிளவு தோன்றியிருக்கிறது.

இதை இடக் கையால் எழுதி முடிக்கிறேன். இப்போது மணி 5.49. பின்னால் நாற்காலி முனகுகிறது. கீ...ரீ...ச். நான் திரும்பவில்லை. பிழை செய்தவன் பத்து முறை எழுத வேண்டும். விதியை வகுத்தவன் நான். ஒன்று குறைகிறது.

ஒடியும்.